எனக்கு இல்லாத தம்பி

முதல் சனிக்கிழமை அந்தச் சிறுமி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து என் இடது கையைப் பிடித்தாள். உள்ளங்கை மேலே வரும்படி திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து ஒரு முறை அழுத்தித் தடவினாள். பிறகு, கட்டுப் பிரித்துப் பார்த்த டாக்டரைப் போல, "ஆறிடுச்சு" என்றாள்.

"என்னம்மா ஆறிடுச்சு?"

"சுட்ட எடம்."

என் மணிக்கட்டில் எந்தக் காலத்திலும் சூட்டுக் காயம் பட்டதில்லை. குழந்தைதானே என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பத்திரமாக என் மடியிலேயே வைத்துவிட்டு, பையைத் திறந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாள்.

அப்போது நான் சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கணவருக்கு செம்பவாங் பக்கம் வேலை. மார்சிலிங்கில் பதினோராவது மாடியில் வாடகை வீடு. கணவரைச் சார்ந்து தங்குவதற்காக எனக்குத் தந்த பாஸில் நான் வேலைக்குப் போக முடியாது. சேலத்தில் ஆறு வருடம் பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு, காலை எட்டு மணிக்கு மேல் அந்த வீட்டில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நூலகத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் இதற்கு விண்ணப்பித்தேன். சிறுவர் இல்லம் ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரத் தொண்டூழியர் தேவை, வாரம் ஒரு நாள்.

நேர்காணலில் நான் "அனாதை இல்லம்" என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்த மேற்பார்வையாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த வார்த்தை வேணாம். இங்க இருக்குற பிள்ளைங்க முக்கால்வாசிப் பேருக்கு அப்பா அம்மா இருக்காங்க. பாத்துக்க முடியல, அவ்வளவுதான். இன்னொண்ணு, எதுவும் ப்ராமிஸ் பண்ணக் கூடாது. 'அடுத்த வாரம் கண்டிப்பா வருவேன்'னு கூடச் சொல்லாதீங்க. ஃபோட்டோ கூடாது, கிஃப்ட் கூடாது. பொய் கூடவே கூடாது. இவங்க எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்குவாங்க லா."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இல்லம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது. பச்சை மரச் சன்னல்கள் வைத்த பழைய இரண்டு மாடிக் கட்டடம். சனிக்கிழமை மதியம் நியூட்டனில் ரயில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி நடப்பேன். சாலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம், பூக்கடை, வறுத்த கடலை வாசம், மூலைக்கு மூலை பாட்டு. சந்துக்குள் திரும்பிப் பத்தடி வைத்ததும் அத்தனையும் அடங்கிவிடும். இல்லத்துக் கேட்டைச் சாத்தினால் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்தான்.

அந்த அமைதிக்குக் காரணம் இருந்தது. வார இறுதியில் பெரும்பாலான பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பெயருக்கு நான்கு தமிழ்ப் பிள்ளைகள் என்றார்கள். மூன்று பேர் நான் வருவதற்குள் கிளம்பியிருப்பார்கள். மாடியில் வரிசையாகக் கட்டில்கள், மடித்து வைத்த போர்வைகள், சுவரோரம் ஜோடி ஜோடியாகச் செருப்புகள். நடுவில் அந்த எட்டு வயதுச் சிறுமி மட்டும் உட்கார்ந்திருப்பாள். அவளை அழைத்துப் போக யாரும் வருவதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை, ஈரச்சந்தைக்குப் போய் மீன் வாங்குவதைப் பற்றிய ஒரு பத்தியை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"தம்பியக் கிணத்துலேருந்து எடுத்துட்டாங்களா?"

நான் அடுத்த வரியில் தேடினேன். அப்படி ஒரு வாக்கியம் அங்கே இல்லை.

"யாரு தம்பி?"

"உங்க தம்பி. அவரை எடுக்கத்தானே ஊருக்குப் போனீங்க?"

வெளியே ஏதோ ஒரு கடையின் ஏசியிலிருந்து தகரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் யாரோ ஒரு தொண்டூழியர் இங்கே வந்திருக்க வேண்டும், தன் கதையைச் சொல்லியிருக்க வேண்டும், பிறகு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று ஊகித்துக்கொண்டேன். குழந்தை என்னை அவராக நினைக்கிறாள். சேலத்தில் நான் வேலை பார்த்த பள்ளியிலும் புது டீச்சரைப் பழைய டீச்சரின் பெயரால் கூப்பிடுகிற பிள்ளைகள் உண்டு.

"நான் வேற அக்காடா கண்ணு. எனக்குத் தம்பி இல்ல. எங்க வீட்டுக்கு நான் ஒத்தப் பொண்ணு. இங்க இப்பதான் முதல்முறையா வர்றேன்."

அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண் இமைக்காமல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி, பென்சிலை டப்பாவில் போட்டு, கீழே இறங்கிப் போய் மாடிப்படிக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று சனிக்கிழமைகள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான் படியில் அமர்ந்து அவள் முதுகுக்கு வாசித்துக் காட்டினேன். சமையலறையிலிருந்து வரும் மைலோ ஆறி, ஆடை கட்டி, அப்படியே திரும்பிப் போகும். வார நாட்களிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார் மேற்பார்வையாளர். "பள்ளியில கூட யார்கிட்டயும் பேசுறதில்லையாம். என்னன்னு தெரியல."

எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மதியம் இரண்டரைக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஓடுகளின் மேல் மழை இரைந்ததில் என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா இருந்தேன். இடி ஒன்று ஓய்ந்த இடைவெளியில் படிக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க" என்றேன்.

மழை பெய்துகொண்டிருந்தது.

"உயிரோடயா?"

"உயிரோடதான்."

அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். முட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். ஆறிப்போன மைலோவை இரண்டு கையாலும் தூக்கி, ஆடையோடு கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நிறுத்த எனக்கு மனம் இல்லை என்பதுதான் சரி. ஒரு பத்தி வாசித்தால் தம்பியைப் பற்றி ஒரு கேள்வி. அப்படி எங்களுக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. தம்பி இப்போது என்ன செய்கிறார்? டீக்கடை வைத்திருக்கிறார். எங்கே? பேருந்து நிலையத்துக்கு எதிரே. கடைப் பலகை என்ன நிறம்? நீலம். கிணற்றில் விழுந்ததில் ஒரு காது மந்தம். ஒரு கறுப்பு ஆடு வளர்க்கிறார், அது கடைவரை பின்னாலேயே வரும். அவள் எதையும் மறக்கவில்லை. நான் ஒருமுறை ஆட்டை வெள்ளை என்று சொல்லிவிட, "கறுப்பு" என்று அமைதியாகத் திருத்தினாள்.

சில பதில்களை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது இப்போதும் என்னை உறுத்துகிறது. "கிணத்துல படி இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள். "பதினாலு படி. அதுக்குக் கீழ இடிஞ்சு கெடக்கும்" என்று என் வாய் சொன்னது. சேலத்தில் எங்கள் வீட்டில் மாநகராட்சிக் குழாய்தான். கிணற்றை எட்டிப் பார்த்ததுகூட இரண்டு மூன்று முறை இருக்கும். அவளோ, சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பூக்கடையில் ஒரு நாள் முழம் போட்டுக்கொண்டே கடைக்காரம்மா பேச்சுக் கொடுத்தார். "ஊர்ல கூடப் பொறந்தவங்க எத்தனை பேரும்மா?"

"ஒரு தம்பி" என்றேன். "டீக்கடை வச்சிருக்கான்."

பூவை வாங்கிக்கொண்டு பத்துக் கடை தாண்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. திரும்பிப் போய்த் திருத்துவதற்கும் வெட்கம். கையில் பூவோடு கொஞ்ச நேரம் நடைபாதையிலேயே நின்றேன்.

அன்றுதான் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "எனக்கு முன்னாடி இந்தப் பொண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாங்களே, அவங்க எந்த ஊருன்னு தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடியா?" அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். "தமிழுக்கு யாருமே வரலையே. ரெண்டு வருஷமா ஆள் தேடினோம். நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"ஊருக்குப் போனவங்க யாராவது? தம்பியக் கிணத்துலேருந்து எடுக்கப் போனாங்கன்னு..."

அவர் பேனா நின்றது.

"அவ சொன்னாளா?"

"கேட்டா."

மேற்பார்வையாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அவ இங்க வந்தப்ப வயசு நாலு. அப்பா தவறிட்டார். அம்மாவுக்கு மனசு ரொம்பச் சரியில்லாமப் போச்சு. ட்ரீட்மெண்ட்டுக்குச் சொந்தக்காரங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்தம்மாவோட தம்பி சின்ன வயசுல கிணத்துல விழுந்து இறந்தவர். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. இதையே சொல்லியிருக்கக் கூடாது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவள் தலையை வாரி, பொட்டு வைத்து, கேட்டருகிலேயே காத்திருந்தாள். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"இன்னைக்குத் தம்பிக்கு லெட்டர் எழுதலாமா?"

தமிழில் எழுதச் சொன்னால் அழுகிற பிள்ளை அவள். 'கொ', 'கோ' இரண்டுக்கும் வித்தியாசம் வராது. மேசையில் குனிந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

'மாமா, நீங்கள் நளமா?'

தம்பி என்று எழுதவில்லை. என் தம்பி அவளுக்கு மாமா. அவள் நிமிர்ந்து, காற்றுகூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் என் காதருகே சொன்னாள்:

"இங்க அக்கான்னுதான் கூப்பிடணும், இல்ல? எனக்குத் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பென்சிலை வாங்கி, 'நளமா' என்பதை 'நலமா' என்று திருத்தினேன்.

அந்த வாரம் புதன்கிழமை காலை, தோசைக்கல்லின் விளிம்பில் என் கை பட்டுவிட்டது. இடது மணிக்கட்டு, உள்பக்கம். இரண்டு அங்குல நீளத்துக்குத் தோல் வெளுத்துக் கொப்பளித்தது. இத்தனை வருடமாக அடுப்பு முன்னால் நிற்கிறேன். அந்த இடத்தில் ஒருமுறையும் பட்டதில்லை. கணவரிடம் காட்டினேன். "பார்த்துச் செய்யக் கூடாதா?" என்று மருந்து தடவிவிட்டார். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. சனிக்கிழமை அகலமான வார் வைத்த கைக்கடிகாரத்தை இடது கையில் கட்டிக்கொண்டு போனேன்.

அவள் வந்ததும் வழக்கம்போல் கையைத்தான் பிடித்தாள். கடிகாரத்தை மேலே தள்ளினாள். காயத்தைப் பார்த்தாள். வாரை மெதுவாகப் பழைய இடத்துக்கே இழுத்து மூடினாள்.

"எப்பப் போறீங்க?" என்றாள்.

"எங்கயும் போகலையே."

"போன தடவையும் இப்படித்தான். சுட்டுக்கிட்டீங்க, மறுநாள் போயிட்டீங்க."

அன்று அவள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நான்கு மணிக்கு நான் கிளம்பும்போது படியிறங்கி வரவும் இல்லை. சந்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். மாடிச் சன்னலில் பச்சைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையசைத்தேன். அவள் அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை. "அவங்க அம்மா வந்துட்டாங்க! நல்லாத் தேறிட்டாங்க. சனிக்கிழமை முதல் சந்திப்பு. நீங்க நாலு மணிக்கு மேல வாங்க, சரியா? குழந்தை உங்ககிட்டச் சொல்ல ஆசைப்படுவா."

நான் நான்கு மணிக்குப் போனேன். அலுவலக அறையில் மேற்பார்வையாளர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"உட்காருங்க" என்றார். "அந்தம்மா ரூமுக்குள்ள வந்ததும், நேராப் போய் அவங்க கையத் திருப்பிப் பாத்தா. மணிக்கட்டுல பெரிய தழும்பு. 'இது எங்கம்மா இல்ல, எங்கம்மாவுக்குப் பழசு ஆறிடுச்சு, இப்பப் புதுசா சுட்டிருக்கு'ன்னுட்டா. அப்புறம் ஏதோ மாமா, டீக்கடைன்னு கேட்டா. அந்தம்மா பாவம், 'தம்பி செத்துப் போயிட்டான் கண்ணு'ன்னாங்க. அவ்வளவுதான், எழுந்து போயிட்டா." கைகளைக் கோத்து மேசைமேல் வைத்தார். "இப்பச் சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மழை பெய்த நாளிலிருந்து கடிதம்வரை. அவர் குறுக்கிடவே இல்லை. நான் முடித்த பிறகு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணியிருப்பீங்க. ஆனா அங்க பாருங்க."

எதிரே இருந்த சந்திப்பு அறைக் கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மருந்தால் ஊதிய உடம்பு, ஒட்ட வெட்டிய முடி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒரு கவுனை எடுத்து மடியில் விரித்து, மடித்து, மறுபடி விரித்துக்கொண்டிருந்தார். அது நான்கு வயதுக் குழந்தைக்கான கவுன்.

இனி வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். நியாயம்தான். மார்சிலிங் வந்து சேரும்வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.

பத்து நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். அந்த அம்மாள் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். "வேணாம்னு சொன்னேன், கேக்க மாட்டேங்குறாங்க. நானும் கூட இருப்பேன்."

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மதியக் கூட்டம் கலைந்து, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். மேற்பார்வையாளர் டீயோடு பக்கத்து மேசைக்கு நகர்ந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு.

"சண்டைக்கு வரலம்மா. எம் புள்ளகிட்ட நீங்க என்னென்ன சொன்னீகளோ, அம்புட்டையும் எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லணும்."

"எதுக்குங்க?"

"அவ அதத்தான் கேக்குறா. எனக்குத் தெரியலங்குறதுனாலதான நான் அம்மா இல்லங்குறா."

சொன்னேன். டீக்கடை. நீலப் பலகை. மந்தமான காது. கறுப்பு ஆடு. அவர் உதடுகள் என் சொற்களைச் சத்தமில்லாமல் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தன. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல. நடுவில் தன் கதையையும் இரண்டு வரியில் சொன்னார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எல்லோரும் நடவுக்குப் போயிருந்தார்கள். "மூணாம் நாளுதான் மேல வந்தான்." கணவர் போன பிறகு இங்கே தனியாக இருந்தபோது, தம்பி இன்னும் கிணற்றிலேயே இருப்பதாகவும் போய் எடுக்க வேண்டும் என்றும் இரவு பகலாகத் தோன்றியதாம். குழந்தையிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். "ஊருக்குக் கெளம்புறதுக்கு மொத நாளு அடுப்புல கைய வச்சுட்டேன். வலியே தெரியல எனக்கு."

பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"கல்யாணம் ஆயிருச்சா அவனுக்கு?"

அவர் கண்ணில் இருந்தது கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். நானும் உண்மையாகவே யோசித்தேன்.

"இன்னும் இல்ல."

"பொண்ணு பாக்கணும்" என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

"வேற என்ன சொன்னீக?"

"கிணத்துல எத்தனை படின்னு கேட்டா. பதினாலுன்னு சொன்னேன். அதுக்குக் கீழ இடிஞ்சிருக்கும்னு."

அவர் உதடுகள் நின்றன. கடைக்காரர் எங்கோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அத யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. வாயில வந்துச்சு."

"நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. புள்ளகிட்டயும்." டீக் குவளையைத் தள்ளி வைத்தார். "பதினாலாம் படியிலதான் அவன் சட்டைய மடிச்சு வச்சிருந்தான்."

பிறகு மேசைக்கு மேலே கையை நீட்டி என் இடது கையைப் பற்றினார். மகள் செய்ததைப் போலவே கடிகாரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். என் காயம் அப்போது காய்ந்து கருஞ்சிவப்பாக இருந்தது. தன் கையை அதனருகே வைத்தார். தழும்பு கொஞ்சம் பெரிது. இடம் அதே இடம். கடிகாரத்தை இறக்கிவிட்டு, டீயை எடுத்துக் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை கடைசி முறையாக இல்லத்துக்குப் போனேன். அம்மாவை வைத்துக்கொண்டு, குழந்தையிடம் நானே நேரில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மேற்பார்வையாளரின் கட்டளை. சந்திப்பு அறையில் நால்வரும் இருந்தோம்.

"நான் உங்கம்மா இல்லடா" என்றேன். "பொய் சொல்லிட்டேன். தப்புதான். இவங்கதான் உங்கம்மா."

சிறுமி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரே இருந்த அம்மாளிடம் ஒரு விசாரணைபோல ஆரம்பித்தாள்.

"மாமா என்ன பண்றாரு?"

மேற்பார்வையாளர் நிமிர்ந்தார்.

"டீக்கடை வச்சிருக்கான்" என்றார் அந்த அம்மாள். "பஸ்ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல."

"போர்டு என்ன கலர்?"

"நீலம்."

"ஆடு?"

"கறுப்பு. கடவரைக்கும் பின்னாலேயே வரும். சனியன், போகச் சொன்னாலும் போகாது."

அந்தக் கடைசி வாக்கியம் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. சிறுமியின் முகம் இளகியது. எழுந்து போய் அவர் கையைத் திருப்பி, தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"மறுபடியும் சுட்டுக்கிட்டீங்களா?"

"ஆமா."

"வலிக்குதா?"

"இல்ல."

அவள் நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். அவர் மடியில் கோப்பு திறந்திருந்தது. அந்தத் தம்பி இறந்துபோனவர் என்று அதில் எழுதியிருக்கும். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார். நான் எழுந்து வெளியே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

சில மாதங்களில் தாயும் மகளும் சேர்ந்து வாழ அனுமதி கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். நான் வேறு எங்கும் தொண்டூழியத்துக்குப் போகவில்லை. பாஸ் மாறி, ஒரு துணைப்பாட நிலையத்தில் வேலை கிடைத்தது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு பிற்பகலில் வடக்கே போகும் ரயிலில் அவர்களைப் பார்த்தேன். சிறுமி நன்றாக வளர்ந்திருந்தாள், இரட்டைச் சடை. நான் கம்பியைப் பிடித்து நிற்பதைக் கண்டு, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க ஆன்ட்டி."

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையான குரல். என்னைத் தெரியவில்லையா, தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லையா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மாள் அவளைத் தாண்டி என் பக்கம் குனிந்தார். முடி வளர்ந்து, முகம் தெளிந்திருந்தது.

"டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போறோம். டிக்கெட் போட்டாச்சு. மாமாவப் பாத்தே தீரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

குரலைத் தாழ்த்தினேன். "அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். ரயில் அட்மிரல்ட்டியில் நின்று கிளம்பியது.

"என்ன சொல்லணும்?" என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராக, "ஒண்ணு நீங்க சொல்லவே இல்ல. பஸ்ஸ விட்டு எறங்குனா, கடை எந்தக் கைப் பக்கம்?"

சிறுமி சன்னலிலிருந்து திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் கழுத்து அசையாமல் இருந்ததில் தெரிந்தது. அப்படி ஒரு கடையே கிடையாது என்று சொல்வதற்கு உட்லண்ட்ஸ் வருவதற்குள் இரண்டு நிமிடம் இருந்தது.

"இடது கைப் பக்கம்" என்றேன். "மூணாவது கடை."

"இடது கை" என்று அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உட்லண்ட்ஸில் இருவரும் இறங்கினார்கள். நடைமேடைக் கூட்டத்தில் சிறுமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவது தெரிந்தது. அன்று மாலையே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கேஸ் முடிஞ்சிடுச்சு. நான் என்ன பண்ண முடியும்னு பாக்குறேன்" என்றார்.

டிசம்பர் வந்து போய்விட்டது. அவர்கள் ஊருக்குப் போனார்களா, இறங்கி எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளரைக் கேட்டால் தெரிந்துவிடும். அவருடைய எண் கைப்பேசியில் இருக்கிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை.